மணிக்கணக்கும் நாள்கணக்கும்

அக்கா மகள் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறாள். பொதுத்துறை வங்கிக் கிளை ஒன்றில் எழுத்தர். காலை எட்டு மணிக்குள் ரயிலைப் பிடித்தாக வேண்டும். மாலையில் கேஷ் டேலி ஆகி, பெட்டகம் பூட்டி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஏழரை தாண்டிவிடும். போன டிசம்பரில் ஒருநாள் புது வருடக் காலண்டரோடு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். மே மாதம் அவளுக்கு ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு.

வங்கி ஊழியர் வீட்டில் இந்தப் பெயரைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். 1928-இல் தொடங்கிய இந்திய வங்கியாளர் கழகம், இன்று இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ் என்ற பெயரில் அதை நடத்துகிறது. பொருளாதாரம், வங்கி நடைமுறை, கணக்கியல், சில்லறை வங்கியியல் என்று நான்கு தாள்கள். தேறினால் சம்பளத்தில் ஏற்றம் உண்டு, பதவி உயர்வுக்கும் வழி திறக்கும். எழுதுகிறவர்கள் எல்லோரும் பகல் முழுக்க வங்கி வேலையில் இருப்பவர்கள்.

காலண்டரில் ஞாயிறுகளையும், வங்கிக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். மே மாதத்தில் பத்து நாள் விடுப்பு, அதற்கு ஒரு பெரிய வட்டம். மற்ற நாட்கள் வெறுமையாகக் கிடந்தன.

“வேலைநாள்ல ஒரு மணி நேரம் கெடைச்சாலே பெருசு சித்தி. அதுல என்னத்தப் படிக்கிறது? லீவு போட்டு ஒரே மூச்சா உக்காந்தாத்தான் தலையில ஏறும்.”

அவள் சொன்னதைத்தான் நாம் எல்லோருமே நம்புகிறோம். எனக்கோ அந்த வெறுமையான கட்டங்களைப் பார்த்ததும் இங்கிலாந்தின் தபால்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

1970-களில் பிரிட்டன் முழுவதும் அஞ்சல் குறியீடு நடைமுறைக்கு வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டைக் கடிதம் பிரிக்கும் இயந்திரத்தில் தட்டச்சு செய்யத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதுவரை தட்டச்சுப் பலகையைத் தொட்டே பார்க்காத தபால்காரர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்ற கேள்வி உளவியலாளர் ஆலன் பேட்லியிடம் வந்தது. அவரும் லாங்மன் என்பவரும் 72 தபால்காரர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குத் தினம் ஒரு மணி நேரம் மட்டும். இரண்டாவது குழுவுக்குக் காலையில் ஒன்று, பின்னர் ஒன்று. மூன்றாவது குழுவுக்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரம். நான்காவது குழு இரண்டு மணி நேரப் பயிற்சியைத் தினம் இருமுறை, ஆக நான்கு மணி நேரம் செய்தது.

முடிவுகள் 1978-இல் வெளியாயின. விசைகளைப் பார்க்காமல் தட்டப் பழகுவதற்குத் தினம் ஒரு மணி நேரக் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் பிடித்தது. தினம் நான்கு மணி நேரக் குழுவுக்கோ ஏறக்குறைய 50 மணி நேரம். நடுவில் இருந்த இரண்டு குழுக்களும் நடுவிலேயே நின்றன. அதன் பிறகு வேகம் கூடியதிலும் இதே கதைதான். முதல் குழு 55 மணி நேரத்தில் எட்டிய வேகத்தை நான்காம் குழு 80 மணி நேரத்தில் எட்டியது. பயிற்சியை நிறுத்திச் சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும், மொத்தமாகப் பயின்றவர்களிடமே தேய்மானம் அதிகம்.

பலகை ஒன்று, ஆட்கள் ஒரே மாதிரி, கற்ற விஷயமும் ஒன்று. நாளொன்றுக்கு எத்தனை மணி என்ற ஒரே வித்தியாசத்தில் 15 மணி நேரம் மிச்சம். முதல்முறை இந்தக் கணக்கைப் படித்தபோது, யாரோ என் இளமைக்காலத் தேர்வுகளைத் திருப்பிக் கொடுத்தால் தேவலை என்று இருந்தது.

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. நான்காம் குழுவின் 50 மணி நேரம் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்களில் முடிந்துவிடும். முதல் குழுவின் 35 மணி நேரத்துக்கு 35 நாட்கள் வேண்டும். வாரம் ஐந்து நாள் என்றால் ஏழு வாரம். மணிக்கணக்கில் வென்றவர்கள் நாள்கணக்கில் பின்தங்கித் தெரிந்தார்கள். அதனால்தான் நான்கு குழுக்களில் தங்கள் பயிற்சி முறைமீது மிகக் குறைந்த திருப்தியோடு இருந்தவர்கள் இந்த ஒரு மணி நேரக்காரர்கள். பக்கத்துக் குழு இரண்டரை வாரத்தில் தட்டத் தொடங்கிவிட்டது, நாம் இன்னும் தடுமாறுகிறோமே என்ற மனக்குறை. மிகத் திறமையாகக் கற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

அக்கா மகளிடம் இதைத்தான் சொன்னேன். அலுவலகம் போகிறவரிடம் மணிதான் குறைவு, நாட்களுக்குப் பஞ்சமில்லை. ஜனவரியிலிருந்து மே நடுப்பகுதி வரை அவளிடம் 130-க்கு மேற்பட்ட நாட்கள் இருந்தன. விடுப்பு எடுத்து மொத்தமாகப் படித்தால், தாராளமாக இருக்கும் நாட்களை மிச்சம் பிடிப்பதற்காக, அரிதாக இருக்கும் மணிகளை வாரி இறைக்க வேண்டிவரும்.

இந்த உண்மை தபால்காரர்களுக்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே கண்டுபிடிக்கப்பட்டதுதான். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற தனிமனிதர், இரண்டு மெய்யொலிகளுக்கு நடுவில் ஓர் உயிரொலி வைத்துப் பொருளில்லாத அசைகளாக 2,300 வரை உருவாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, மறதியைக் கடிகாரம் வைத்து அளந்தார். 1885-இல் வந்த அவருடைய நூலில் ஓர் எளிய ஒப்பீடு இருக்கிறது. பன்னிரண்டு அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பார்த்ததும், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை சொல்லிப் பார்த்ததும் மறுநாள் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. உழைப்பில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. இடையில் இரண்டு இரவுகள் கூடியிருந்தன, அவ்வளவே.

அந்த இரவுகளில் என்ன நடக்கிறது?

விடையைத் தேடியவர்கள் மனிதரை விட்டுவிட்டுக் கடல்முயலிடம் போனார்கள். ஓடில்லாத, கையகல நத்தை போன்ற கடல் உயிரி அது. அதன் நரம்பணுக்கள் மிகப் பெரியவை, சிலவற்றை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். தொடுவதால் ஆபத்தில்லை என்று பழகிவிட்டால் இழுப்பது குறையும். எரிக் கேண்டலும் சக ஆய்வாளர்களும் 1972-இல் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரே அமர்வில் நாற்பது முறை தொட்டால் அந்தப் பழக்கம் சீக்கிரம் கலைந்துவிடுகிறது. நாளுக்குப் பத்து முறையாக நான்கு நாட்கள் தொட்டால் வாரக்கணக்கில் நிற்கிறது. மொத்தத் தொடுகை இரண்டிலும் நாற்பதுதான். நினைவு உருவாகும் விதத்தை இந்தச் சிறு உயிரின் வழியாக விளக்கியதற்காகக் கேண்டலுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பழ ஈயும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட வாசனை வந்தால் மின்னதிர்ச்சி வரும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். 1994-இல் டிம் டல்லியின் குழு பத்துப் பாடங்களை இடைவெளியே இல்லாமல் நடத்தியபோது ஈயின் நினைவு சில நாட்களில் அழிந்தது. அதே பத்துப் பாடங்களுக்கு நடுவே பதினைந்து நிமிட ஓய்வு கொடுத்தபோது ஒரு வாரம் கழித்தும் நினைவு இருந்தது. பழ ஈயின் ஆயுளில் ஒரு வாரம் என்பது சின்ன விஷயமில்லை.

நத்தைக்கும் ஈக்கும் தபால்காரருக்கும் பொதுவாக இருப்பது நரம்பணுவின் உள்ளே நடக்கும் கட்டுமான வேலை. ஒரு செய்தி வந்தவுடன் இரண்டு அணுக்கள் சந்திக்கும் இணைப்பின் பலம் சற்று மாறுகிறது. அது தற்காலிகப் பந்தல்தான். அந்தச் செய்தி திரும்பத் திரும்ப, தகுந்த இடைவெளியோடு வந்தால் அணுவின் உட்கருவரை தகவல் போகிறது. அங்கே சில மரபணுக்கள் இயங்கத் தொடங்கி, புதிய புரதங்கள் உண்டாகி, இணைப்பு உருவத்திலேயே மாறுகிறது, சில சமயம் புது இணைப்புகளும் முளைக்கின்றன. பந்தல் இருந்த இடத்தில் சுவர் எழும்புகிறது. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். பூச்சு காயும் முன் அடுத்த பூச்சைப் பூசினால் நிற்காது என்பது கொத்தனாருக்குத் தெரியும்.

கலிபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகத்தார் 2012-இல் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். எலி மூளையில் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியின் மெல்லிய சீவலுக்கு ஒரு மின்துடிப்புத் தொகுதி கொடுத்தார்கள். சில இணைப்புகள் பலப்பட்டன. பத்து நிமிடமோ அரை மணி நேரமோ கழித்து இரண்டாவது முறை கொடுத்தால் கூடுதல் பலன் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, முதல்முறை அசையாமல் இருந்த இணைப்புகளும் சேர்ந்து பலப்பட்டன. முதல் துடிப்பு அவற்றைத் தயார்படுத்தியிருக்கிறது, ஆனால் தயாராக அவற்றுக்கு ஒரு மணி நேரம் தேவைப்பட்டிருக்கிறது. கண்ணாடித் தட்டில் உயிர்பிடித்துக் கிடக்கும் ஒரு சீவல்கூடக் காத்திருக்கச் சொல்கிறது! தேர்வுக்குப் படிக்கும் மனிதரின் மூளைக்கும் அந்தச் சீவலுக்கும் தூரம் அதிகம்தான், ஒரு மணி நேரம் என்ற எண்ணை அப்படியே எடுத்து அட்டவணையில் போட முடியாது. ஆனாலும் படிப்பு முடிந்த பிறகும் படிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியானால் எவ்வளவு இடைவெளி? 2008-இல் நிக்கோலஸ் செபெடாவும் ஹரோல்ட் பாஷ்லரும் மற்றவர்களும் 1,350-க்கும் அதிகமானவர்களுக்குச் சில பொது அறிவுத் தகவல்களைக் கற்பித்து, வெவ்வேறு இடைவெளிகளில் திருப்பச் சொல்லி, ஓராண்டு வரை காத்திருந்து சோதித்தார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே இடைவெளி இல்லை என்று தெரிந்தது. தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அது நீள்கிறது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒன்றிரண்டு நாள் விட்டுத் திருப்புவது நல்லது. ஓராண்டு கழித்து என்றால் மூன்று வாரம் போல விடலாம். நான்கு மாதத் தொலைவில் இருந்த அக்கா மகளுக்கு இரண்டு வார இடைவெளி என்று வைத்துக்கொண்டோம். ஜனவரி முதல் வாரம் படித்ததை மூன்றாம் வாரம் எடுத்துப் பார்ப்பது, பிறகு பிப்ரவரியில் ஒருமுறை. வெறுமையாக இருந்த கட்டங்களில் பென்சிலால் பாட எண்கள் ஏறின. ஒரே நாளில் இரண்டு தாள்களின் பாடங்கள் கலந்து வந்தபோது முகம் சுளித்தாள்.

அடுத்த சிக்கல் அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன செய்வது என்பது. அவள் புத்தகத்தை மஞ்சள் பேனாவால் தீற்றிக்கொண்டே திரும்பத் திரும்பப் படிப்பவள். இதற்கும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் மாணவர்களிடம் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு சராசரியாகப் பதினான்கு முறை படித்தது. இன்னொரு குழு மூன்று, நான்கு முறை மட்டும் படித்துவிட்டு, தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது, மூன்று தடவை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் முந்தினார்கள்: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களிடம் 40 விழுக்காடுதான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்பே கேட்டபோது, பதினான்கு முறை படித்தவர்களே அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். 2006-இல் வெளிவந்த இந்தக் கட்டுரையையும் தபால்காரர்களின் மனக்குறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நன்றாக ஏறுகிறது என்று தோன்றும்போது ஏறுவதில்லை, தடுமாறும்போது ஏறுகிறது. படித்தது கண்ணுக்குப் பழகிவிடுவதையே தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம்.

எனவே ரயிலில் புத்தகம் வேண்டாம் என்றாயிற்று. போகும்போது கேள்விகள் மட்டும். காசோலை எழுதிய தேதியிலிருந்து எத்தனை மாதம் செல்லும்? மூன்று. தவணை எத்தனை நாளுக்கு மேல் நிலுவையில் கிடந்தால் கடன் வாராக்கடன் ஆகும்? 90. ரிசர்வ் வங்கி செயல்படத் தொடங்கிய ஆண்டு? 1935. விடை வராமல் பாபநாசத்திலிருந்து அய்யம்பேட்டை வரை தவித்தாலும் பார்க்கக்கூடாது. அந்தத் தவிப்புதான் உழுவது. விடையைப் பார்ப்பது விதைப்பது.

புதுப்பாடத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போவதற்கு முன்னால் வைத்துக்கொண்டாள். களைத்த மூளையில் ஏறுமா என்று அவள் அம்மாவுக்குக் கவலை. 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டே இரண்டு மாணவர்களை ஆய்வகத்திலேயே தங்க வைத்துப் பத்துப் பத்து அசைகளாக மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தபோது பாதிக்குச் சற்று மேல் நினைவிருந்தது. எட்டு மணி நேரம் விழித்து நடமாடிய பிறகு ஒன்று தேறியது. இருவரை வைத்துச் செய்த சோதனைதான். ஆனால் தூக்கம் நினைவைக் காக்கிறது என்பதைப் பின்வந்த எத்தனையோ ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. கண்விழித்துப் படிக்கிறேன் என்று தூக்கத்தை வெட்டுகிறவர், சுவர் எழும்பும் நேரத்தில் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்புகிறார்.

அட்டவணை பிப்ரவரிவரை அழகாக ஓடியது. மார்ச் வந்தது. வங்கியில் வேலை பார்ப்பவரைக் கேளுங்கள், மார்ச் என்றால் என்ன என்று சொல்வார்கள். ஆண்டுக் கணக்கு முடிப்பு. இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்பினாள், சில நாள் பத்து. பதினெட்டு நாட்கள் அப்படியே போயின. “டிசம்பர்ல உக்காந்து போட்டப்ப மார்ச் மாசம் எனக்கு ஞாபகத்துலயே வரல சித்தி” என்றாள். ஏழு வருடமாக அதே மார்ச்சைப் பார்த்தவள்!

இது அவளுடைய கவனக்குறைவு இல்லை. மனித மனம் திட்டமிடும் விதமே அப்படி. 1994-இல் கனடாவில் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 34 நாட்கள். எல்லாமே படுமோசமாகப் போனால்? 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் பிடித்ததோ சராசரியாக 55 நாட்களுக்கு மேல். தாங்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலையையும் நிஜம் தாண்டிப் போனது. டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இந்தப் போக்குக்குப் பெயர் வைத்து விளக்கியிருந்தார்கள். திட்டம் போடும்போது நாம் வேலையின் உள்ளே நின்று, ஒவ்வொரு படியாக, இடறாமல் ஏறுவதைக் கற்பனை செய்கிறோம். போன தடவை என்ன ஆயிற்று என்று வெளியே நின்று பார்ப்பதில்லை. நடந்துபோன மாதங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால் மார்ச் மாதக் கட்டங்களைத் தொடக்கத்திலேயே காலியாக விட்டிருப்பாள், நானும் அதைச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் விட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்னமும் இருக்கிறது.

ஆனாலும் அந்தப் பதினெட்டு நாட்கள் முழு நஷ்டம் ஆகவில்லை. ஏப்ரல் முதல் வாரம் பழைய கேள்விகளை எடுத்தபோது பாதிக்கு மேல் மறந்திருந்தது, அழாத குறை. ஆனால் இரண்டாவது நாளே வேகமாகத் திரும்பி வந்தது. எபிங்ஹவுஸ் அளந்ததும் இதைத்தான்: முற்றிலும் மறந்துபோனதாகத் தோன்றும் வரிசையைக்கூட மறுபடி கற்கும்போது முன்னைவிடக் குறைந்த முறைகளே போதுமானதாக இருந்தன. மறந்த பாடம் மூளையை விட்டுப் போய்விடுவதில்லை.

மே மாதம் கடைசித் தாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிவிட்டு, மாலை வீட்டுக்கு வந்தாள். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்: “எல்லாம் இனிமே மறந்துருமா சித்தி?”

ஹாரி பாரிக் என்ற உளவியலாளர், அவர் மனைவி, இரண்டு மகள்கள் பற்றிச் சொன்னேன். நால்வரும் ஆளுக்கு 300 அயல்மொழிச் சொற்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றை 14 நாளுக்கு ஒருமுறை, சிலவற்றை 28 நாளுக்கு, சிலவற்றை 56 நாளுக்கு ஒருமுறை திருப்பினார்கள். பிறகு ஐந்து ஆண்டுகள் வரை காத்திருந்து தங்களையே சோதித்துக்கொண்டார்கள். 56 நாள் இடைவெளியில் 13 முறை திருப்பியது, 14 நாள் இடைவெளியில் 26 முறை திருப்பியதற்கு ஏறத்தாழ ஈடாக நின்றது. 1993-இல் அந்தக் கட்டுரை நான்கு பேர் பெயரோடும் வெளிவந்தது.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் விரல் வைத்து வாரங்களை எண்ணினாள். ஐம்பத்தாறு நாள் என்றால் சரியாக எட்டு வாரம். ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறைப் பென்சிலால் வட்டமிட்டு, உள்ளே நான்கு தாள்களின் முதலெழுத்துகளைப் பொடியாக எழுதினாள்.